புங்கமரத்தடியில் நின்றவர்

எனக்கு ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. அங்கே நிற்கிறாரா என்றுதான் கேட்டார்கள். முதலில் அம்மா கேட்டாள், பிறகு அப்பாவும் கேட்டார். இரண்டு பேரும் கேட்டது வேறு வேறு ஆளை. இதைச் சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று என் மருமகள் ஏற்கெனவே முடிவு கட்டியிருக்கிறாள். அவளுக்காக இதை எழுதவில்லை.

எங்கள் ஊர் பாகலூருக்கு மேற்கே. காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மைசூர் எல்லையைத் தாண்டிவிடலாம். இந்தப் பக்கமெல்லாம் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று ஆண்கள் டீக்கடையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா, அவருடைய அக்கா, அம்மா, நான். அத்தை புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். அப்பாவும் அத்தையும் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். மாட்டை மட்டும் கன்னடத்தில் அதட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், மாடு வாங்கியது அந்தப் பக்கத்துச் சந்தையில், அதற்குத் தெலுங்கு எப்படித் தெரியும் என்பார் அப்பா. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். அவள் சாமல்பட்டிக்காரி. அதனால் அவளைப் பற்றி அவள் முன்னாலேயே அத்தை தெலுங்கில் குறை சொல்ல முடிந்தது. அம்மா இரண்டே வருஷத்தில் தெலுங்கு கற்றுக்கொண்டாள், ஆனால் கற்றுக்கொண்டதைக் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை. எதையும் காட்டிக்கொள்ளாத பெண்பிள்ளை அவள்.

அம்மா இரண்டாம் தாரம். மூத்தவள் கல்யாணமான மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் தாரமாக வருகிறவள் கழுத்தில் தாலியோடு சேர்த்து ஒரு சின்ன வெள்ளித் தகட்டையும் கட்டுவார்கள். தகட்டில் இரண்டு கண் மட்டும் கீறியிருக்கும். அதுதான் மூத்தவள். அவளுக்குப் பூ வைத்த பிறகுதான் இளையவள் வைத்துக்கொள்ளலாம். சேலை எடுத்தாலும் அப்படித்தான், முதலில் அந்தத் தகட்டின் மேல் போர்த்திக் காட்ட வேண்டும். கட்டாவிட்டால் மூத்தவள் பொறுக்க மாட்டாள், வந்து நிற்பாள். ஆனால் கல்யாணம் நடந்தது சாமல்பட்டியில். அம்மாவைப் பெற்றவர், உயிரோடு இருக்கிற என் பெண்ணின் கழுத்தில் செத்தவளைத் தொங்க விடுவேனா என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அத்தைக்கு அது ஆறாத மனக்குறை. வீட்டில் பால் திரிந்தால்கூட அந்தத் தகட்டைத்தான் இழுப்பாள்.

வீட்டுக்குப் பின்னால் களம். களத்தின் ஓரத்தில் ஒரு புங்கமரம். ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே புங்கங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, நீலச் சட்டை, இடது புருவத்தில் ஒரு வெட்டு. கையில் நீளப்பிடி போட்ட சுத்தியல். அக்குளில் இரண்டு குச்சி, குச்சியில் சுருட்டிய துணி. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எல்லைப் பேச்சே காதில் விழுந்து விழுந்து, நிலம் அளக்கிற சர்க்கார் ஆள் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். அளக்கிற ஆள் வந்திருக்கிறார் என்று போய்ச் சொன்னேன். எப்படி இருக்கிறார் என்று சும்மா கேட்டு வைத்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை மெல்ல மெல்ல நின்றது. இரண்டு துணி என்றதும் களிக்கோலை அப்படியே விட்டுவிட்டுக் கதவுக்கு வந்தாள். அவள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. நான் விரல் நீட்டிக் காட்டினேன். களி அடிப்பிடித்துத் தீய்ந்த நாற்றம் வந்தது, அவள் திரும்பவே இல்லை.

"கண்ணு, அவருக்கு நெழல் விழுதா பாரு."

நல்ல வெயில். மரத்துக்கு நிழல் இருந்தது, என் காலடியில் இருந்தது. அவருக்கு இல்லை. அதைச் சொன்னேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். "அப்ப செத்துட்டான்" என்றாள். எனக்குச் சொல்லவில்லை, எதிரே இருந்த சுவருக்குச் சொன்னாள்.

நான் அதுவரை ரயிலைப் பார்த்ததில்லை. கொடி எதற்கு என்று எனக்குத் தெரியாது. பிறகு பல நாட்களில், பருப்பில் கல் பொறுக்கும்போதும் எனக்குத் தலை வாரும்போதும், அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். சாமல்பட்டியில் அவர்கள் நிலம் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. அவள் மத்தியானச் சோறு எடுத்துப் போவாள். அவர் தினமும் தண்டவாளத்தின் மேல் நடந்து ஆணிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிற ஆள். ரயில் வராத நேரத்திலும் அவளைக் கண்டால் பச்சைக் கொடியை ஆட்டுவாராம். அவருடைய ஜனம் அம்மாவின் தெருவுக்குள் கால் வைக்க முடியாத ஜனம். விஷயம் தெரிந்த பதினைந்தாம் நாள், எங்கோ பாகலூர்ப் பக்கம் பெண்டாட்டி செத்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார்கள். தேடி வருகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தாராம். எட்டு வருஷமாக அம்மா அந்த ஆள் உயிரோடு எங்கோ இருப்பதாக நினைத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். செத்துப்போன செய்தியை அவளுக்குச் சொன்ன ஆள் நான்தான்.

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தலைக்குக் குளித்துக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே மரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஆரம்பித்தது. இருக்கிறாரா? எந்தப் பக்கம் பார்க்கிறார்? இளைத்திருக்கிறாரா? நான் நல்ல சேலை கட்டினால் தெரிகிறதா அவருக்கு? அவர் பேசியதே இல்லை. கதவைப் பார்த்து நிற்பார், அவ்வளவுதான். அம்மா எதிரில் வந்தாலும் அவர் கண் அவள்மேல் நின்றதில்லை, அவளைத் தாண்டிக் கதவுக்கே போகும். அதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கு என் கண்தான் கண். என் அம்மா சிரித்து அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவளுக்கு வலது பக்கம் தெற்றுப்பல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தையின் கண்ணுக்கு அவர் தெரியாவிட்டாலும் மூக்குக்குத் தெரியும். களி அடிக்கடி தீய்வதும், மரத்தைப் பார்த்து அம்மா உதட்டை அசைப்பதும், நான் போய்ப் போய்ச் சேதி சொல்வதும் அவளுக்குப் போதுமாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் களத்தில் நிறுத்தி, என்னையும் இழுத்து வந்து நிறுத்தினாள். அம்மா குடத்தோடு கதவில் நின்றாள்.

"அங்க நிக்கறது யாரு பாப்பா? ஆம்பளயா, பொம்பளயா?"

என்னை அடித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அத்தை அன்றைக்குப் பிரியமாகக் கேட்டாள், அதனால்தான் பயம் வந்தது. ஆம்பளை என்று சொன்னால் அம்மா அந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது அவளே கிணற்றுக்குப் போவாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் ஏழு வயதில் சுகமாக இருந்தவர்கள். நான் மரத்தடியைப் பார்த்தேன். அவருடைய அக்குளில் இருந்த துணிதான் கண்ணில் பட்டது.

"பொம்பள" என்றேன். "பச்சச் சேல கட்டியிருக்காங்க."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவளைக் கொண்டுபோனது அவளுடைய கல்யாணச் சேலையில்தானாம். அது பச்சை. நான் என்ன கண்டேன். அப்பா களத்திலேயே குந்தினார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அப்போது அது வருத்தம் என்று தோன்றியது. அது வருத்தம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தகடு கட்டினார்கள். மரத்தடியில் பச்சைச் சேலை, வெற்றிலை பாக்கு, மூத்தவளுக்குப் பிடித்த அவரைக்காய்க் கூட்டு எல்லாம் வைத்துப் படைத்தார்கள். இரண்டு கண் கீறிய வெள்ளித் தகட்டை மஞ்சள் கயிற்றில் கோத்து அப்பாதான் கட்டினார். அம்மா கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அவளுக்கு வேறு வழியில்லை. மரத்தடியில் நின்றவர் ஒரு கை தூரத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

அதன்பிறகுதான் அப்பா என்னிடம் பேச ஆரம்பித்தார். அதுவரை அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு கைப்பிடி தேறாது. மாட்டுக்கொட்டகையில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, தெலுங்கில் கேட்பார். அம்மாவிடம் அவர் தெலுங்கு பேசியதே இல்லை. மூத்தவள் எப்படி இருக்கிறாள், மெலிந்திருக்கிறாளா, என்னைப் பார்க்கிறாளா என்று கேட்பார். பார்க்கிறாள் என்றேன். சிரித்தாளா என்றார். சிரித்தாள் என்றேன். ஒன்று சொன்னால் அவர் பத்துச் சொல்வார். அவளுக்கு இடி என்றால் பயமாம், மாவரைக்கும்போது பாடுவாளாம், காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் இவர் வைத்தியரைக் கூட்டிவரப் போயிருந்தபோது உயிர் போய்விட்டதாம். அவர் சொன்னதையெல்லாம் அடுத்த வாரம் நான் கண்டதாகத் திருப்பிச் சொன்னேன். நல்ல பொய்க்காரியாகிவிட்டேன்.

அப்பா மரத்தைச் சுற்றி மண்ணில் ஒரு மேடை கட்டி மெழுகினார். ஓசூர்ச் சந்தைக்குப் போனால் பூ வாங்கி வந்து மரத்தில் வைத்தார். அம்மா மாலையில் அங்கே விளக்கு வைத்தாள். மூத்தவளுக்காக அவள் இவ்வளவு செய்கிறாளே என்று அப்பாவுக்கு மனம் உருகிவிட்டது. நீ நல்லவ என்று ஒரு நாள் அவளிடம் தமிழில் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை ஊரெல்லாம் சொன்னாள், எங்கள் வீட்டில் சண்டையே இல்லை, எல்லாம் தகட்டின் மகிமை என்று. ஜூஜுவாடியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து அம்மாவைப் பார்த்து, இளையவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மாலை வேளையில் அம்மாவும் அப்பாவும் மரத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் கை கூப்பி நிற்பார்கள். ஒருத்தி ஓர் ஆளை நினைத்துக்கொண்டு, ஒருவர் ஒருத்தியை நினைத்துக்கொண்டு. ஒரு தடவைகூட ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பிப் பார்த்ததில்லை. நான் நடுவில் நிற்பேன். எனக்கு மட்டும் அங்கே உள்ள எல்லோரும் தெரிந்தார்கள். நான் யாருக்கும் தெரியவில்லை.

பொறாமைதான். அதற்கு நல்ல பெயர் எதுவும் வைக்கப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் முதலாவதாக வந்ததைச் சொல்ல அம்மாவிடம் ஓடினேன். அவர் இன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டாள். ஜுரத்தில் படுத்திருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உன் கனவில் வந்தாளா என்று கேட்டார். இரண்டு வருஷம் இப்படி. அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. இல்லாத அந்தப் பெண்ணையும் பிடிக்காமல் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் அப்பா கட்டிய மேடைமேல் ஏறிக் குதித்து விளையாடும்போது கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தேன். மேடை ஓரத்துக் கல்லில் தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது, ஒரு பல் ஆடியது. நான் அலறின சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் என்னைத் தூக்கவில்லை. மரத்தைப் பார்த்தாள்.

"அவரு இருக்காரா கண்ணு? நீ விழுந்தத பாத்தாரா?"

அவர் இருந்தார். என் தலைக்கு மேல் குனிந்து, என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்னைப் பார்த்தது அவர் ஒருவர்தான். வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினேன்.

"இல்ல" என்றேன். "போயிட்டாரு. இனிமே வர மாட்டாராம்."

அம்மா இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை மறக்க என்னவெல்லாமோ செய்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அம்மா முந்தானையால் என் தாடையை அழுத்திப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

அன்று சாயங்காலம் கொட்டகையில் அப்பாவும் கேட்டார், நீ விழும்போது மூத்தவள் எங்கே இருந்தாள் என்று. போயிட்டாங்க என்றேன். அவர் தட்டு நறுக்குவதை நிறுத்தவில்லை. தெலுங்கில், நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அவ்வளவுதான், வீடு அணைந்துவிட்டது. விளக்கு வைப்பது நின்றது. அத்தை கேட்டபோது, விடுக்கா என்று அப்பா முடித்துவிட்டார். இரண்டு பேரும் ஒன்றும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கும் இன்னொரு ஆளோடு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. களி தீயவில்லை, சோறு குழையவில்லை, எல்லாம் நேரத்துக்கு நடந்தது. அம்மாவுக்குக் கனகாம்பரம் நான் பறித்துக் கொடுத்தாலும் வாங்கி மாடத்தில் வைத்துவிடுவாள், அங்கேயே வாடும். தகடு மட்டும் கழுத்தில் கிடந்தது.

மரத்தடியில் நின்றவர் போகவே இல்லை. அதே இடத்தில் நின்றார். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் பொய் சொன்னதற்கு அடி விழுமோ என்று ஒரு பயம். அதைவிட, சொன்னால் மறுபடியும் அதே கேள்விக்குப் போய்விடுவாளே என்று ஒரு கசப்பு. இப்போதாவது அவள் என் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. இன்று அந்தக் களம் ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கிற இடம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள். ஒரு மத்தியானம் அத்தை அசந்து தூங்கிவிட்டாள். நான் அம்மாவின் காதோடு குனிந்தேன்.

"அம்மா, அவரு போவல. அங்கயேதான் நிக்கறாரு. நாந்தான் பொய் சொன்னேன்."

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வெகுநாள் கழித்து என்னைத்தான் பார்த்தாள், என் முகத்தை. தாடையில் இருந்த தழும்பைத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாத கண்ணு" என்றாள்.

நான் சத்தியம் செய்தேன். புருவத்து வெட்டைச் சொன்னேன், கொடியைச் சொன்னேன். எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே நான் சொன்னதுதான், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் நம்பவில்லை. நல்ல பிள்ளை என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். தகட்டைக் கழற்றவில்லை, அதோடுதான் கொண்டுபோனார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. செத்தவர்கள் எனக்குத் தெரிவார்கள். அம்மா நேரே மரத்தடிக்குத்தான் வருவாள். வந்ததும் அவர் அங்கே இருப்பதை அவளே பார்ப்பாள், நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று காரியம் நடந்த பதினாறு நாளும் சமையலறைக் கதவில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். அம்மா வரவில்லை. மரத்தடியில் யாரும் இல்லை என்று நம்பிப் போனவள் அங்கே ஏன் வருவாள்?

பதினாறாம் நாள் பந்தி முடிந்து ஜனம் கலைந்த பிறகு நான் எழுந்து களத்துக்குப் போனேன். அவர் அன்றைக்குத்தான் வாய் திறந்தார். சாமல்பட்டிப் பக்கத்துத் தமிழ், அம்மாவின் தமிழேதான்.

"கண்ணு, உங்கம்மா உள்ள இருக்குதா?"

அவரும் என்னைத்தான் கேட்டார். அத்தனை வருஷம் அம்மா எதிரில் வந்தபோதும் அவர் கண்ணுக்கு அந்தக் கதவுதான் தெரிந்திருக்கிறது, அவள் தெரியவில்லை.

இல்லை என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன எல்லாப் பதிலிலும் மேலே ஒரு கேள்வியும் வராமல் நம்பப்பட்டது அது ஒன்றுதான். அவர் தலையாட்டினார். கீழே கிடந்த சுத்தியலை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, ராகிக்காட்டு வரப்பில் இறங்கிக் கிழக்கே நடந்தார். அம்மா எந்தப் பக்கம் போனாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.